லண்டன் வீட்டில் பரணை அறையாக்குவதற்கு முன்

வாடகை வீட்டில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு இப்போது இங்கிலாந்தில் சொந்த வீடு பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். விளம்பரத்தில் "மூன்று பெட்ரூம், கூடவே லாஃப்ட் ரூம்" என்று போட்டிருந்தால் அங்கேயே நின்று ஒரு கேள்வி கேளுங்கள். மேலே படுத்துத் தூங்கலாம் என்றால் ஏன் நாலு பெட்ரூம் என்று சொல்லவில்லை?

நமக்கு லாஃப்ட் என்றதும் அடுக்களைக்கு மேலே, கொலு பொம்மைப் பெட்டியும் பித்தளை அண்டாவும் கிடக்கும் பரண்தான் நினைவுக்கு வரும். இங்கே அது ஓட்டுக்கூரைக்கும் மாடி சீலிங்குக்கும் நடுவே உள்ள முக்கோண வெளி. ஆள் நிற்கும் உயரம் இருப்பதால், பலகை அடித்து, கார்பெட் விரித்து, கூரைச் சரிவில் ஒரு ஜன்னலும் வைத்துவிட்டால் பார்ப்பதற்கு அறை போலவே ஆகிவிடும்.

நாங்கள் ஹாரோவில் வாங்கிய வீடு அப்படித்தான் இருந்தது. 1930களில் கட்டிய செமி, அதாவது ஒரு பக்கச் சுவர் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. மடக்கு ஏணியில் ஏறினால் மேலே வெள்ளையடித்த அழகான அறை. மூத்த மகன் அதுதான் என் ரூம் என்று முதல் நாளே சொல்லிவிட்டான். நாலு மாதம் கழித்து, அதற்கு நேர் கீழே எங்கள் படுக்கையறை சீலிங்கில் ஒரு விரிசல் ஓடியது. கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் கார்பெட்டைச் சுருட்டி, ஒரு பலகையைப் பெயர்த்து, டார்ச் அடித்துக் காட்டினார். கீழே இருந்தது நாலு அங்குல உயரச் சட்டம். சீலிங்கைப் பிடித்துக்கொள்ள வைத்த மரம் அது. கட்டிலையும் அலமாரியையும் ஆளையும் சுமக்க வைத்தது இல்லை. அன்று ராத்திரியே மகனின் மெத்தையைக் கீழே இறக்கினோம்.

வாங்கும்போதே வக்கீல் சொல்லியிருந்தார், அந்தப் பரண் வேலைக்குக் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் (கட்டட விதிப்படி வேலை முடிந்தது என்ற சான்று) இல்லை, அதற்குப் பதில் விற்பவர் இண்டெம்னிட்டி பாலிசி என்று ஒரு இன்சூரன்ஸ் எடுத்துத் தருகிறார் என்று. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நாங்கள் தலையாட்டிவிட்டோம். அந்தப் பாலிசி, கவுன்சில் (உள்ளூர் நிர்வாகம்) நடவடிக்கை எடுத்தால் வரும் பண நஷ்டத்துக்கு மட்டும்தான். தரை தாங்குமா, தீப்பிடித்தால் பிள்ளை இறங்கி வர வழி இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1985 நவம்பர் 11க்குப் பிறகு அனுமதியில்லாமல் நடந்த வேலை என்றால், கவுன்சிலிடம் ரெகுலரைசேஷன் சர்டிஃபிகேட், அதாவது முடிந்துபோன வேலைக்குப் பின்னால் தரும் சான்று, கேட்கலாம். வந்து திறந்து பார்ப்பார்கள், குறை இருந்தால் சரிசெய்யச் சொல்வார்கள். ஆனால் நாமாகக் கவுன்சிலைத் தொடர்புகொண்டால் பொதுவாக அந்தப் பாலிசி செல்லாமல் போய்விடும். ஆகையால் இதையெல்லாம் விலை பேசும் கட்டத்திலேயே வக்கீலிடம் கேளுங்கள்.

நாங்கள் எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகக் கட்டினோம். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பிளானிங் வேறு, பில்டிங் ரெகுலேஷன்ஸ் வேறு. முதலாவது வீட்டின் அளவையும் வெளித்தோற்றத்தையும் மாற்றுவதற்கான அனுமதி, இரண்டாவது பாதுகாப்பாகக் கட்டுவதற்கான விதிகள். நம்மவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். "பிளானிங் வேண்டாமாம்" என்று யாராவது சொன்னால் அது பெரும்பாலும் சரி. இங்கிலாந்தில் வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டர், செமிக்கும் தனி வீட்டுக்கும் 50 கன மீட்டர் வரை கூரையைப் பெரிதாக்க, சில நிபந்தனைகளோடு, தனி அனுமதி தேவையில்லை. முன்னால் இருந்தவர் ஏற்கெனவே கூட்டியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். தெருவைப் பார்த்த முன்பக்கச் சரிவில் டார்மர், அதாவது கூரையிலிருந்து துருத்தி நிற்கும் ஜன்னல் கட்டு, இந்தச் சலுகையில் எழுப்பக்கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கும் ஃபிளாட்டுகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது. ஃபிளாட்டில் மேல்மாடி உங்களுடையது என்றாலும் கூரைக்கு அடியில் உள்ள இடம் ஃப்ரீஹோல்டருடையதாக (கட்டடத்துக்கும் நிலத்துக்கும் உரிமையாளர்) இருக்கலாம், லீஸ் எனும் குத்தகைப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். பில்டிங் ரெகுலேஷன்ஸ் மட்டும் யாருக்கும் விலக்கு இல்லை. வேலை நடக்க நடக்க, இந்த விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கண்ட்ரோல் ஆள் வந்து பார்த்து, முடிவில் தருவதுதான் அந்தக் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்.

அவர்கள் மிகவும் உன்னிப்பாகப் பார்ப்பது தீ விஷயத்தை. கீழ்த்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டில் பரணை அறையாக்கினால் அது மூன்று தள வீடு ஆகிவிடுகிறது. வெளித்தரையிலிருந்து நாலரை மீட்டருக்கு மேலே தளம் உள்ள அறையின் ஜன்னலைத் தப்பிக்கும் வழியாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதனால் மேலிருந்து வாசல் கதவு வரை படிக்கட்டு முழுக்கத் தீ சீக்கிரம் நுழையாத ஒரு பாதையாக இருக்க வேண்டும்: படியைச் சுற்றி அரை மணி நேரம் தாங்கும் சுவர், படியைப் பார்த்த அறைகளுக்குத் தீ தாங்கும் கதவு, ஒவ்வொரு தளத்திலும் மின் இணைப்புள்ள, ஒன்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அடிக்கிற ஸ்மோக் அலாரம். ஹாலையும் சமையலறையையும் சுவர் இல்லாமல் ஒன்றாக்கி, படி அதிலேயே வந்து இறங்கும் வீடுகளில் இது பெரிய சிக்கல். ஒன்று சுவர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ப்ரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி) மாதிரி வேறு ஏற்பாடு கேட்பார்கள். சமையலறைக்குள் மட்டும் புகைக்குப் பதில் வெப்பத்துக்கு அடிக்கும் அலாரம் வையுங்கள். நாம் கடுகு தாளித்து மிளகாய் வறுக்கிற வீட்டில் ஸ்மோக் அலாரம் தினமும் அலறும். எரிச்சலில் பாட்டரியைப் பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

படிக்கட்டு 42 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது. அந்த அளவே நம் அப்பா அம்மாவின் முழங்காலுக்கு அதிகம். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்து தங்கும் பெற்றோருக்காக என்று சொல்லித்தான் நிறைய பேர் மேலே அறை கட்டுகிறார்கள். அவர்களை அங்கே ஏற்றாதீர்கள். நீங்கள் மேலே போய், உங்கள் அறையை அவர்களுக்குக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் இரும்பு உத்தரம் செருகுவதாக இருந்தால் 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் (பொதுச் சுவர்) சட்டப்படி இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். 14 நாளில் பதில் வராவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். சர்வேயர் வருவார், அந்தச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். நாங்கள் கடிதம் போடும் முன்பே வரைபடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்க்கப் போனோம். அவருக்கு இருந்த கவலையெல்லாம் தன் புகைபோக்கியைப் பற்றித்தான். அதைத் தொடமாட்டோம் என்று வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டியதும் சம்மதித்து எழுதிக் கொடுத்தார்.

காண்டிராக்டர் சொல்லும் தொகையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வேலை முடிய முடியப் பணம் கொடுங்கள், சர்டிஃபிகேட் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். வீட்டு இன்சூரன்ஸ்காரர்களுக்கும் மார்ட்கேஜ் கொடுத்தவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கோடையை மறந்துவிடாதீர்கள். 2022 ஜூலையில் இந்த நாடு முதல்முறை 40 டிகிரியைத் தாண்டியபோது எங்கள் மேல் அறையில் உட்கார முடியவில்லை. சரிவு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பிளைண்ட் போட்ட பிறகுதான் பரவாயில்லை என்றானது. கட்டும்போதே போட்டிருக்கலாம்.

அப்புறம், வீடு பார்க்கப் போகும்போது ஒரு அளவு டேப் கையில் இருக்கட்டும். கூரையின் உச்சி மரத்துக்குக் கீழிருந்து இப்போதுள்ள சீலிங் சட்டத்தின் மேல்பக்கம் வரை 2.2 மீட்டராவது வேண்டும். தரையும் சீலிங்கும் போட்டபின் அதிலும் குறையும். அறுபதுகளுக்குப் பிறகு கட்டிய பல வீடுகளில் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மரச் சட்டங்கள் ஓடும். அவைதான் கூரையைத் தாங்குகின்றன. பொறியாளர் கணக்குப் போடாமல் ஒன்றைக்கூட அறுக்க விடாதீர்கள்.

இன்னும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல பேர் பகிர்ந்து வாழும் லைசென்ஸ் உள்ள வீட்டில் ஒரு ஆள் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். சீலிங் ஒன்றரை மீட்டருக்குக் கீழே இறங்கும் இடம் அந்தக் கணக்கில் வராது. ஏணியில் ஏறிப் போகும் பரணை மலிவு வாடகைக்குத் தருகிறேன் என்று, தெரிந்தவர் சொன்னாலும் சரி, சொந்தக்காரர் சொன்னாலும் சரி, போகாதீர்கள். ஏற்கெனவே அப்படி ஒரு இடத்தில் இருக்கிறீர்கள் என்றால், கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவுக்கு ஃபோன் செய்யுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முதலிலேயே கேளுங்கள்.