10 நிமிடத்தில் இழுவை செத்துவிடுகிறது, வாக்குவம் கிளீனருக்கு வழி சொல்லுங்கள்

மதுரை செல்லூர், தறி ஓடும் தெருவில் மாடி வீடு. பஞ்சுத் தூசியும் ரோட்டு மண்ணும் சேர்ந்தே வரும். மெஷின் 1400 வாட், துணிப்பை வகை, 32 மி.மீ. ஹோஸ், வாங்கி 2 வருடம். ஆடிக்காற்று தொடங்கியதிலிருந்து இந்தப் பிரச்சினை.

பை சுத்தமாக இருக்கும்போது நன்றாக இழுக்கும். 10 நிமிடத்தில் மோட்டார் சத்தம் கீச்சென்று ஏறும், டர்போ பிரஷ் (இழுக்கும் காற்றிலேயே சுற்றும் உருளை பிரஷ்) நின்றுவிடும். பிறகும் ஓட்டினால் சூடாகித் தானே அணைந்துவிடும். திறந்தால் பை கால்வாசிகூட நிரம்பியிருக்காது. உள்பக்கம் முழுக்கப் பஞ்சு பாய்மாதிரி ஒட்டியிருக்கும்.

ஹோஸில் கோலிக்குண்டு போட்டுப் பார்த்தேன், தடையில்லாமல் விழுந்தது. மோட்டார் ஃபில்டரைக் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவைத்தேன் (ஈரத்தோடு போட்டால் தூசி சேறாகிவிடும்). டர்போ பிரஷில் சுற்றிய முடியையும் நூலையும் வெட்டி எடுத்தாயிற்று. காகிதப் பை போட்டதில் 5 நிமிடம் கூடியது, அவ்வளவுதான். பையில்லாமல் ஓட்ட மனமில்லை, மோட்டார் போய்விடும்.

தரைக்கு அகல பிரஷ் போதும். இலவம் பஞ்சு மெத்தைக்குத்தான் டர்போ பிரஷ் வேண்டும், வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருக்கிறது.

அதனால் ஹோஸுக்கு நடுவில் சைக்ளோன் வாளி (காற்றைச் சுழற்றித் தூசியைக் கீழே விழவைக்கும் வாளி) ஒன்று வைத்துத் தூசியை முன்னாலேயே பிரிக்க நினைக்கிறேன். ஆனால் அதுவும் கொஞ்சம் இழுவையைத் தின்னுமே. 1400 வாட் மெஷினில் வாளி வைத்த பிறகும் டர்போ பிரஷ் மெத்தைமேல் நிற்காமல் சுற்றுமா?