ஷிப்ட் வேலையோடு குரூப் 4 படிப்பு: டைம்டேபிள் பத்து நாளைத் தாண்ட மாட்டேன் என்கிறது

ஒரகடம்_பஸ்

வீடு காஞ்சிபுரம், வேலை ஒரகடத்தில். வாராவாரம் ஷிப்ட் மாறும்: ஏ (காலை 6–2), பி (2–10), சி (இரவு 10–6). ஞாயிறு லீவு. கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்கு 24 வாரம் கையில் இருக்கிறது என்று கணக்கு வைத்து, தினம் 6 மணி நேரம் படிப்பதாக டைம்டேபிள் போட்டேன். இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு முறையும் ஷிப்ட் மாறும் வாரத்தில் ஒரு நாள் விட்டுப்போகிறது, மறுநாள் பாக்கியையும் சேர்த்து 12 மணி நேரம் என்று ஆகிறது, அதோடு நோட்டு மூலைக்குப் போய்விடுகிறது. எனக்கு மன உறுதி இல்லையா, திட்டத்தில்தான் கோளாறா?

கணக்குப்பிள்ளை

திட்டத்தில்தான். கூட்டிப் பாருங்கள்: தினம் 6 மணி நேரம், 24 வாரம் என்றால் 1008 மணி நேரம். உங்களிடம் அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று பார்க்காமலே செலவு எழுதிவிட்டீர்கள்.

உண்மையான இருப்பு இது. ஏ வாரத்தில் மதியம் வீடு சேர்ந்து சாப்பிட்ட பிறகு 2 மணி நேரம் கிடைக்கும். அதுவும் வாரத்தில் 5 நாள்தான், ஆகவே 10. பி வாரம்தான் உங்கள் பொற்காலம். காலை எட்டரையிலிருந்து பதினொன்று வரை இரண்டரை மணி நேரம், 5 நாளில் 12.5. சி வாரத்தில் தூங்கி எழுந்த பிறகு ஒரு மணி நேரம், 4 நாள். ஞாயிறுகளுக்கு 4 மணி நேரம் வீதம் 12. மூன்று வாரச் சுற்றுக்கு மொத்தம் 38.5 மணி நேரம். 24 வாரத்தில் 8 சுற்று, ஆக 308. காதுகுத்து, காய்ச்சல், கரண்ட் கட் எல்லாவற்றுக்கும் கால் பங்கைக் கழித்தால் சுமார் 230. நீங்கள் எழுதியதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. பத்தாம் நாள் உடையாமல் என்ன செய்யும்?

இந்த 230 மணி நேரத்தை 45 நிமிட செஷன்களாக மாற்றுங்கள். ஏ வாரம் 14, பி வாரம் 16, சி வாரம் 8. மூன்று வாரத்துக்கு 38, மொத்தம் 304. "தினம் இத்தனை" என்று எழுதவே வேண்டாம், இலக்கு வாரத்துக்குத்தான்.

பங்கீடு: தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, திறனறிவில் 25. தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் தமிழுக்கு 120 செஷன், பொது அறிவுக்கு 90, திறனறிவுக்கு 54, மாதிரித் தேர்வுகளுக்கு 40. திறனறிவில் தனிவட்டி, கூட்டுவட்டி, விழுக்காடு, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, காலமும் வேலையும் என்று குறுகிய பட்டியல்தான். பயந்து கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதல் மாதமே தொடங்குங்கள், 25 கேள்வி என்பது 37.5 மதிப்பெண்.

வாசல்_விளக்கு

தம்பி, கணக்குப்பிள்ளை சொன்னதோடு இன்னொன்று. ஷிப்ட் மாறுகிறவர்களுக்கு "காலை 5 மணிக்குப் படிப்பு" என்று கடிகாரத்தை வைத்துப் போடும் திட்டம் நிற்காது. அந்த 5 மணிக்கு ஏ வாரத்தில் பஸ் ஏறிக்கொண்டிருப்பீர்கள், பி வாரத்தில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், சி வாரத்தில் வேலையில் இருப்பீர்கள். எந்த ஷிப்ட்டிலும் மாறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு படிப்பை முடிச்சுப் போடுங்கள். "சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, மேசையில் திறந்தே கிடக்கும் புத்தகத்தின் முன் உட்காருவேன்." இவ்வளவு துல்லியமாக எழுதுங்கள். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் வெறுமனே "செய்வேன்" என்றவர்களைவிட அதிகம் முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்கும் வேலை மிச்சம், அதுதான் லாபம்.

புத்தகம் திறந்தே கிடக்க வேண்டும் என்பது அலங்காரத்துக்கு இல்லை. ஒரு செஷன் முடியும்போதே அடுத்த செஷனின் பக்கத்தைத் திறந்து, முதல் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டு எழுந்திருங்கள். "இன்றைக்கு எதைப் படிக்கலாம்" என்று தேட ஆரம்பித்தால் டெலிகிராம் குரூப்பில் பிடிஎஃப் இறக்குவதில் முக்கால் மணி நேரம் போய்விடும். சமச்சீர்ப் பள்ளிப் புத்தகத்தை முடிக்காதவருக்கு நாற்பதாவது பிடிஎஃப் எதற்கு?

சி வாரத்தில் புதுப் பாடம் தொடாதீர்கள். பகல் தூக்கம் அரைகுறைதான், படித்தது தங்காது. பழைய வினாத்தாள், ஏற்கெனவே படித்த குறள்கள், இவை மட்டும். பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும், அந்த நேரத்தை மனப்பாடம் ஒப்பிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் விட்டது விட்டதுதான், மறுநாளில் ஏற்ற வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவதில் சொல்லிக்கொள்ளும்படி பாதிப்பு இல்லை. பழக்கம் இயல்பாக வர ஆன காலம் நடுவாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை மதிப்பிட்டார்கள். நீங்கள் பத்தாம் நாளே தீர்ப்பு எழுதிக்கொள்கிறீர்கள்.

கறுப்பு_மை_பேனா

66 நாள் கதையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அந்த ஆய்வில் இருந்தவை பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, கொஞ்சம் ஓடுவது போன்ற சின்னச் செயல்கள். உட்கார்வது பழக்கமாகலாம், வட்டிக் கணக்கு ஒருநாளும் தானாக வராது.

அதேபோல் செஷன் எண்ணிக்கையும் ஏமாற்றும். 14 கட்டம் டிக் அடித்துவிட்டு ஒன்றும் ஏறாமல் இருப்பவர்கள் ஏராளம். காரணம், மஞ்சள் பேனாவால் கோடு போட்டு மறுபடி மறுபடி வாசிப்பது. கண்ணுக்குப் பழகியதை மூளை "தெரியும்" என்று நினைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு செஷனிலும் 30 நிமிடம் படிப்பு, 15 நிமிடம் புத்தகத்தை மூடி வைத்து வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து எழுதுவது. அந்தத் தாள் இல்லாமல் டிக் கிடையாது. அதே பாடத்தை மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் ஐந்து நிமிடம் எழுதிப் பாருங்கள்.

நான்கு வாரத்துக்கு ஒரு ஞாயிறு முழு மாதிரித் தேர்வு. ஆறு தேர்வு வரும், ஒன்றுக்கு 3 மணி நேரம் எழுத, 2 மணி நேரம் திருத்த. கணக்குப்பிள்ளை ஒதுக்கிய 40 செஷன் இதற்குச் சரியாகப் போகும். நிஜத் தேர்வைப் போல, விடைக்கான வட்டத்தை நிரப்பும் ஓஎம்ஆர் தாளில், கறுப்பு மை பால்பாயின்ட் பேனாவால், காலை 9.30-க்குத் தொடங்குங்கள். தவறியவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாதது, குழம்பியது, கேள்வியைச் சரியாக வாசிக்காதது. மூன்றாவது வகை பத்துக்கு மேல் போனால் இன்னும் படிப்பது தீர்வில்லை, வேகத்தைக் குறைக்க வேண்டும். முதல் தேர்வில் தமிழில் 40 கேள்விகூடச் சரியாக வரவில்லை என்றால் அடுத்த நான்கு வாரத்துப் பொது அறிவு செஷனில் பாதியைத் தமிழுக்கு மாற்றுங்கள். இலக்கைக் குறைக்கவும் கூட்டவும் உரிமை அந்த ஞாயிறு மட்டும்தான். செவ்வாய்க்கிழமை அலுப்பில் திட்டத்தைத் திருத்தக் கூடாது.

ஒரகடம்_பஸ்

நன்றி. ஒரு சந்தேகம். மாதக் கடைசியில் ஓவர்டைம் கட்டாயம், ஒரு வாரம் தொடர்ந்து 12 மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். அந்த வாரம் 14 எப்படி வரும்?

வாசல்_விளக்கு

வராது, வர வேண்டியதும் இல்லை. அதற்குத்தானே கால் பங்கு கழித்தது. ஓ.டி. வாரத்துக்குத் தனி அளவு இப்போதே எழுதி வையுங்கள்: நாளுக்குப் பத்துப் பழைய வினா, பத்தே நிமிடம். அதைச் செய்தால் காலண்டரில் ஒரு புள்ளி, முழு செஷனுக்கு ஒரு கட்டம். புள்ளி போட்ட வாரத்துப் பாக்கியை அடுத்த வாரத்தில் சேர்க்காதீர்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் காலியாக விடாமல் இருந்தால் போதும்.

கணக்குப்பிள்ளை

ஓ.டி. வாரம் எதில் விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பி வாரத்தில் விழுந்தால் 16 செஷன் போகும், சி வாரத்தில் என்றால் 8-தான். ஷிப்ட் மாற்றிக்கொள்ளக் கூட்டாளி கிடைத்தால் ஓ.டி.யை சி பக்கம் தள்ளப் பாருங்கள். மாதிரித் தேர்வு ஞாயிறு சி ஷிப்ட் முடிந்து வந்த காலையில் விழக் கூடாது. விழுந்தால் ஒரு வாரம் முன்னால் வையுங்கள், பின்னால் வேண்டாம்.