நாக்கு கெட்ட பக்கம் போகுது, உண்ணாக்கு நல்ல பக்கம் போகுது. ஏன்?

குழித்துறை மாணவி:
நர்சிங் இரண்டாம் வருஷம். அடுத்த வாரம் கபால நரம்புப் பரிசோதனை பிராக்டிகல். 12 நரம்பையும் வரிசையா சொல்லிருவேன், எது எந்தத் துளை வழியா மண்டையோட்டை விட்டு வெளிய வருதுன்னும் தெரியும். குழப்பம் எல்லாம் பக்கத்துலதான். வலது 12-ஆம் நரம்பு கெட்டா நீட்டுன நாக்கு வலப்பக்கம் சாயும். வலது 10 கெட்டா உண்ணாக்கு இடப்பக்கம் போகும். வலது 5 கெட்டா தாடை வலப்பக்கம் போகும். வலது 7 கெட்டா சிரிக்கும்போது வாய் இடப்பக்கம் இழுக்கும். வலது 11 கெட்டா தலையை இடப்பக்கம் திருப்ப முடியாது. மனப்பாடம் பண்ணினா வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாறிப் போகுது. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. இன்னொண்ணு, நெற்றி சுருங்கினா பக்கவாதம், சுருங்கலைன்னா பெல்ஸ் பால்சி (7-ஆம் நரம்பே கெட்டு முகத்தின் ஒரு பக்கம் தளர்றது), இப்படி எழுதினா போதுமா?

தக்கலை பிசியோ:
மனப்பாடமே வேண்டாம். அந்தத் தசை தள்ளுற தசையா, இழுக்குற தசையான்னு மட்டும் கேளுங்க.

நாக்கை வெளிய நீட்டுறது ஜீனியோகுளோசஸ். தாடையெலும்பின் நடுவில், உள்பக்கம் தொடங்கி விசிறி மாதிரி பின்னால நாக்குக்குள்ள போகுது. சுருங்கும்போது நாக்கின் அடியை முன்னால கொண்டு வருது, கூடவே எதிர்ப்பக்கம் தள்ளுது. ரெண்டு பக்கமும் சமமா தள்ளினா நாக்கு நேரா வரும். ரெண்டு பேர் துடுப்புப் போடுற வள்ளம் மாதிரிதான். வலப்பக்கத்து ஆள் கையை விட்டா, இடப்பக்கத்துத் துடுப்பு வள்ளத்தை வலப்பக்கம் திருப்பிரும். தாடையும் இதே கணக்கு: லேட்டரல் டெரிகாய்டு தாடையை முன்னாலயும் எதிர்ப்பக்கமும் தள்ளும். அதனால வாயைத் திறந்தா தாடை கெட்ட பக்கமே போகும்.

உண்ணாக்கு கதை வேற. அண்ணத்தை மேல தூக்குற லெவேட்டர் தசை தன் பக்கம் இழுக்குறது. இது கரமடி, கரையில நின்னு இழுக்குற மீன்வலை மாதிரி. ரெண்டு கயிற்றுல ரெண்டு கூட்டம் நின்னு இழுக்கும்போது ஒரு கூட்டம் விட்டா, வலை இழுக்குற கூட்டத்துப் பக்கம் போகும். முகத்தசைகளும் அப்படியே. வாயின் கோணத்தைத் தன் பக்கம் இழுக்கும், அதனால சிரிச்சா நல்ல பக்கம் போகுது.

கழுத்துக்கு உங்க உடம்பே போதும். வலது காதுக்குப் பின்னால இருக்குற எலும்பு முனையிலிருந்து நெஞ்செலும்புக்கு வரும் ஸ்டெர்னோமாஸ்டாய்டு சுருங்கினா, அந்தக் காது முன்னால வரும், முகம் இடப்பக்கம் திரும்பும். இடது உள்ளங்கையைத் தாடையின் இடப்பக்கம் வச்சு, அந்தக் கையைத் தள்ளுற மாதிரி தலையை இடப்பக்கம் திருப்பிப் பாருங்க. வலது கழுத்துலதான் கயிறு எழும்பும்.

ஆசாரிப்பள்ளம் செவிலி:
கணக்கு சரி. ஆனா பரிசோதனை செய்யுற விதத்துல மாணவர்கள் தப்புறது வேற இடத்துல.

முகவாதம் உள்ளவங்க நாக்கை நீட்டினா, நாக்கு சாஞ்ச மாதிரி தெரியும். சாஞ்சது வாய், நாக்கு இல்ல. தொங்குற வாயோரத்தைக் கையுறை போட்ட விரலால மெதுவா தூக்கிப் பிடிச்சுட்டு, நாக்கின் நடுக்கோட்டை முன்பல் இடைவெளியோடயும் மூக்கு நுனியோடயும் ஒப்பிடுங்க. இதைச் செய்யாம '12-உம் பாதிப்பு' என்று எழுதினா வைவாவில் அடுத்த கேள்வி அங்கதான் வரும்.

நாக்குல சதை துடிக்குதான்னு பார்க்கணும்னா நாக்கு வாய்க்குள்ளேயே தளர்வா கிடக்கணும். நீட்டுன நாக்கு எல்லாருக்கும் கொஞ்சம் நடுங்கும்.

உண்ணாக்கை ஓய்வில் பார்த்து முடிவு செய்யாதீங்க, பிறவியிலேயே சிலருக்குக் கோணல் இருக்கும். 'ஆ' சொல்ல வச்சு, அண்ணத்தின் வளைவு ரெண்டு பக்கமும் ஒரே அளவு உயருதான்னு பாருங்க. ஓங்கரிப்பு அனிச்சைக்குச் செய்தி கொண்டு போறது 9, தசையை அசைக்கிறது 10. நல்ல ஆரோக்கியமா இருக்குறவங்களுக்கும் இது வராம இருக்கலாம், அதனால வாய்வழியா உணவு கொடுக்கலாமான்னு அதை மட்டும் வச்சு முடிவு செய்யக் கூடாது. குரல் ஈரமா கேக்குதா, இருமல் வலுவா இருக்கான்னு பாருங்க.

8-ஆம் நரம்புக்கு, அதாவது காது கேக்குதான்னு பார்க்க, இசைக்கவை (தட்டினா அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவை) எடுக்கும்போது 512 ஹெர்ட்ஸ் எடுங்க. 128 அதிர்வு உணர்வுக்கு, காதுக்கு இல்ல. வெபர் சோதனையிலயும் (அதிரும் கவையை நெற்றி நடுவில் வைக்குறது) உங்க பக்கக் குழப்பம் வரும்: அழுக்கு அடைச்ச காதுன்னா சத்தம் அந்தக் காதுலயே அதிகம் கேக்கும், நரம்பு கெட்டிருந்தா நல்ல காதுல கேக்கும்.

மாறாமலைக்காரன்:
1-ஆம் நரம்புக்கு, அதான் வாசனை நரம்புக்கு, மோந்து பார்க்கக் கொடுக்குற பொருளை வெளிய தேட வேண்டாம். நம்ம ஊர்க் கிராம்பு 2021-இல் புவிசார் குறியீடே வாங்கியாச்சு. ஒண்ணை நசுக்கி நீட்டுங்க :)

ஆசாரிப்பள்ளம் செவிலி:
பாடநூல்கள்ல கிராம்பும் உண்டுதான் அண்ணாச்சி, ஆனா நசுக்கினா காரம் ஏறி 5-ஆம் நரம்பையும் தொடும். காப்பித்தூள் பத்திரம். கற்பூரம், தைலம், நவச்சார வாடை எதுவும் ஆகாது. வாசமே தெரியாதவருக்கும் அது மூக்கை எரிக்கும், 'தெரியுது' என்பார். கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்குத்துளையை அடைச்சு, தனித்தனியா பாருங்க. முதல்ல சளி அடைப்பு இருக்கான்னு கேளுங்க.

நரம்பியல் மருத்துவர், நாகர்கோவில்:
நெற்றிக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியது பாதி உண்மை, அந்த மீதிப் பாதியில்தான் ஆபத்து.

நெற்றித் தசைக்கான 7-ஆம் நரம்பின் உட்கருவுக்கு (நரம்பு தொடங்கும் செல் கூட்டத்துக்கு) மூளையின் இரு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. கீழ் முகத்துக்கு முக்கியமாக எதிர்ப்பக்கத்திலிருந்துதான். அதனால் மேல்மூளையில் அடைப்பு வந்தால் வாய் கோணும், நெற்றி பிழைத்துக்கொள்ளும். நரம்பே கெட்டால் நெற்றி சுருங்காது, கண் மூடாது, வாயும் கோணும். ஆனால் நரம்பின் உட்கரு மூளைத்தண்டில், பான்ஸில் இருக்கிறது. அங்கே பக்கவாதம் வந்தாலும் நெற்றி சுருங்காது. 7-ஆம் நரம்பின் இழைகள் 6-ஆம் நரம்பின் உட்கருவைச் சுற்றி வளைந்து வருவதால், அந்த நோயாளிக்குக் கண் அந்தப் பக்கம் வெளியே திரும்பாமல் இருக்கலாம், எதிர்ப்பக்கக் கை கால் தளரலாம். ஆகவே நெற்றி சுருங்கவில்லை என்றால் அதோடு நிற்காதீர்கள். கண் அசைவு, கை கால் வலு, பேச்சு, நடை பார்த்த பிறகே பெல்ஸ் என்று எழுதுங்கள்.

காதுக்குள்ளும் காது மடலிலும் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அக்கி வைரஸ், மருந்தும் மாறும்.

நம் மாவட்டத்தில் 'வாய் கோடிப்போச்சு' என்றதும் முதலில் ஆசானிடம் (நாட்டு வைத்தியரிடம்) தடவப் போவது வழக்கம். பெல்ஸுக்கு ஸ்டீராய்டு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்மை தெளிவு. பக்கவாதமாக இருந்தால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கணக்கு. அதனால் நோயாளி வந்ததும் நீங்கள் எழுத வேண்டிய முதல் வரி, 'கடைசியாக நன்றாக இருந்த நேரம்'.

மூடாத கண்ணை மறந்துவிடுவார்கள். பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி பிளாஸ்திரி. கண்மேல் வைக்கும் பஞ்சு இமைக்குள் புகுந்து கருவிழியில் உரசினால் புண்ணாகும்.

குழித்துறை மாணவி:
நன்றி சாரே, அண்ணாச்சி, அக்கா. வள்ளமும் கரமடியும் இனி மறக்காது. ஒரு சந்தேகம் பாக்கி. இடது மூளையில் பக்கவாதம் வந்தா நாக்கு எந்தப் பக்கம் போகும்? கெட்ட பக்கம்னா இடப்பக்கமா?

தக்கலை பிசியோ:
கெட்ட பக்கம்னா கெட்ட தசையின் பக்கம், கெட்ட மூளையின் பக்கம் இல்ல. இடது மூளை கெட்டா வலது ஜீனியோகுளோசஸ் தளரும், நாக்கு வலப்பக்கம், அதாவது தளர்ந்த கை கால் இருக்குற பக்கம் போகும். 12-ஆம் நரம்பே கெட்டிருந்தா அதே பக்கத்து நாக்குப் பாதி நாளடைவில் சுருங்கி வரிவரியா ஆகும், துடிக்கும். பக்கவாதத்துல அந்தச் சுருக்கம் வராது, பெரும்பாலும் சாய்வும் சில நாள்ல சரியாகிரும்.