டேங்க் முழுக்க பொடிப்பொடியா குமிழி, அவசரம்!

நெமோ_அப்பா:
வணக்கம். ரெண்டு நாளா என் கடல் மீன் டேங்க் முழுக்க பொடிக் குமிழி, சோடா ஊத்தின மாதிரி. ஜோவான்தஸ் பவளம் மூடியே கிடக்கு, க்ளவுன் மீன் ஜோடி மூலையில ஒதுங்கி நிக்குது. எல்லாத்தையும் கழுவிப் பார்த்தாச்சு. சாயங்காலம் மாமனார் வீட்ல இருந்து வர்றாங்க, சீக்கிரம் சொல்லுங்க.

உப்புத்தண்ணி:
டேங்க் என்ன சைஸ் ப்ரோ? சம்ப் (கீழ வைக்கிற ஃபில்டர் தொட்டி) இருக்கா? குமிழி, சம்ப்ல இருந்து தண்ணியை மேல ஏத்துற ரிட்டர்ன் பைப்ல இருந்து வருதா, உள்ள அலை கிளப்புற வேவ்மேக்கர் பக்கமா?

அலைஓசை:
அழுக்கை நுரையாப் பிரிச்சு எடுக்குற ஸ்கிம்மர்தான், கண்ணை மூடிட்டுச் சொல்வேன். புது ஸ்கிம்மர் பழகுற வரைக்கும் குமிழி துப்பும். குளோரின் எடுக்குற வாட்டர் கண்டிஷனர் ஊத்தினீங்களா? ஊத்தினா நுரை பொங்கித் தள்ளும்.

கேட்வால்வு:
மாசம் ஒரு தடவை இதே கேள்வி. லிட்டர் இல்ல, பம்ப் பேர் இல்ல, ஒரு போட்டோ இல்ல. ஜோசியம் பார்க்கவா நாங்க இருக்கோம்?

நெமோ_அப்பா:
சாரி சார். 3 அடி, அகலம் உயரம் ஒன்றரை. கீழ 2 அடி சம்ப். டேங்க் தண்ணி சம்ப்புக்கு இறங்குற ட்ரெயின் ரெண்டு பைப், ஒண்ணுல ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற கேட் வால்வு. ஸ்கிம்மர் பழசு. ரிட்டர்ன் பைப்ல இருந்துதான் வருது.

முட்டுக்காடு_மச்சான்:
பைப் இணைக்கிற யூனியன்ல காத்து இழுக்குது. டெஃப்லான் டேப் சுத்துங்க.

கேட்வால்வு:
பம்ப் தண்ணிக்குள்ள முங்கி இருந்தா யூனியன்ல தண்ணிதான் வெளிய கசியும், காத்து உள்ள போகாது. வெளிய வைக்கிற பம்ப்ல, உறிஞ்சுற பக்கம் லூசா இருந்தாத்தான் அந்தக் கதை.

உப்புத்தண்ணி:
முதல்ல ஸ்கிம்மரை அரை மணி நேரம் ஆஃப் பண்ணுங்க. குமிழி நின்னா அதுதான். நிக்கலைன்னா சம்ப்ல பம்ப் இருக்கிற ரிட்டர்ன் அறையில டார்ச் அடிச்சு, தண்ணி சுழிக்குதான்னு பாருங்க. ஃபேன் ஓடினா தண்ணி ஆவியாகும். அந்த அறையிலதான் மட்டம் இறங்கும், இறங்கினா பம்ப் சுழி போட்டுக் காத்தையும் இழுக்கும்.

அலைஓசை:
தண்ணி எங்க வாங்குறீங்க? கடல் தண்ணின்னா அதுல இருக்கிற அழுக்குக்கே நுரை வரும்.

முட்டுக்காடு_மச்சான்:
நான் வருஷக்கணக்கா கோவளம் கடல் தண்ணிதான் ஊத்துறேன், ஒரு நுரையும் கிடையாது. பாக்கெட் உப்பு விக்கிறவங்க கிளப்பி விட்டது இது.

அலைஓசை:
ஐப்பசி மழையில முகத்துவாரம் உடைச்சுக்கிட்டா உப்பு எவ்வளவு இறங்கும்னு ரிஃப்ராக்டோமீட்டர் வச்சுப் பார்த்திருக்கீங்களா மச்சான்? தண்ணியோட அடர்த்தி 1.025-ல நிக்குமா?

முட்டுக்காடு_மச்சான்:
மழையில எவன் எடுப்பான்? வெயில் காலத்துலயே பிடிச்சு டிரம்ல வச்சுக்குவோம்.

உப்புத்தண்ணி:
அதுக்குத் தனி இழை போடுங்கப்பா. நெமோ அப்பா, பார்த்தீங்களா?

நெமோ_அப்பா:
ஸ்கிம்மர் ஆஃப் பண்ணியும் வருது. சுழி இல்ல. ஆனா பழைய பம்ப் செத்துட்டதால ஞாயித்துக்கிழமை மணிக்கு 6000 லிட்டர் தள்ளுற, கன்ட்ரோலர்ல வேகம் மாத்துற டிசி பம்ப் போட்டேன். நல்லாத்தான் ஓடுது. போடுறதுக்கு முன்னாடி பக்கெட்ல நல்ல தண்ணியில ஓட்டிப் பார்த்தேன், ஒரு குமிழி இல்ல.

கேட்வால்வு:
இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? உப்புத் தண்ணியில குமிழி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெருசாகாது, பொடியாவே நிக்கும். நல்ல தண்ணி டெஸ்ட்ல இது தெரியவே தெரியாது. சம்ப்ல குமிழியைத் தடுக்குற பேஃபிள் தடுப்புகளுக்கு நடுவுல இடைவெளி எவ்வளவு? சம்ப் அகலம்?

நெமோ_அப்பா:
இடைவெளி ஒரு இன்ச். அகலம் 12.

கேட்வால்வு:
உங்க டேங்க் 190 லிட்டர்தான். பைப் ஏறுற உயரம் போக மணிக்கு 4000 லிட்டர் வருதுன்னு வச்சாலும், அந்த ஒரு இன்ச் சந்துல தண்ணி நொடிக்கு 14 செ.மீ. வேகத்துல போகும். அரை மில்லிமீட்டர் குமிழி நொடிக்கு 5 செ.மீ. ஏறினாலே பெருசு. அது எப்படி மேல வந்து உடையும்? தண்ணியோட சேர்ந்து பேஃபிளைத் தாண்டி ரிட்டர்னுக்குப் போயிடும். சம்ப் வழியா மணிக்கு டேங்க் அளவைப் போல 5–10 மடங்கு ஓடினாப் போதும். உள்ள அலை வேணும்னா வேவ்மேக்கர் போடுங்க.

உப்புத்தண்ணி:
சார் சொல்றது சரி. கன்ட்ரோலர்ல குறைங்க. ட்ரெயின் பைப் வாய் சம்ப் தண்ணிக்குள்ள ஒரு இன்ச் முங்கி இருக்கட்டும். ரிட்டர்ன் அறையில தண்ணி கூட ஊத்தினா, கரண்ட் போறப்ப சம்ப் தாங்குமான்னு ஒரு தடவை ஆஃப் பண்ணிப் பாருங்க.

நெமோ_அப்பா:
குறைச்சேன், குமிழி போச்சு. நன்றி. இப்ப டேங்க் தண்ணி ட்ரெயினுக்கு வழியிற ஓவர்ஃப்ளோ பாக்ஸ்ல களகளன்னு சத்தம்.

கேட்வால்வு:
கேட் வால்வு பழைய ஓட்டத்துக்கு வச்சது. கால் கால் சுத்தா மூடிட்டே வாங்க, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் விட்டுப் பாருங்க.

உப்புத்தண்ணி:
சத்தம் நின்னுச்சா ப்ரோ?

முட்டுக்காடு_மச்சான்:
மாமனார் வந்துட்டாரு போல. அலைஓசை, டிரம் தண்ணிக்கு இழை போட்டாச்சு, அங்க வாங்க.