பதவியேற்போடு முடிந்துவிட்ட 'தலைவி'

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

நிவேதா: ஜெயலலிதா கதையான 'தலைவி' படம் இப்போதுதான் பார்த்து முடித்தோம். பீரங்கி வண்டிக் காட்சியில் அம்மா அழுதே விட்டாள்.

கீதா சித்தி: அழாமல்? 87 டிசம்பரில் ராஜாஜி ஹாலில் எம்.ஜி.ஆர். தலைமாட்டை விட்டு நகராமல் ரெண்டு நாள் நின்றவர். ஊர்வலம் கிளம்பும்போது வண்டியில் ஏறினவரைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள்.

சேகர் மாமா: அரவிந்த்சாமி பிரமாதம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் அச்சு அசல். பெயர் மட்டும் எம்.ஜே.ஆர்.! நாசர் வெறும் கருணா. யாரை ஏமாற்ற? 😄

நிவேதா: பெரியப்பா, அந்தச் சட்டமன்றச் சண்டை நிஜமாகவே நடந்ததா?

பெரியப்பா: 1989 மார்ச் 25, பட்ஜெட் நாள். கலைஞர் முதல்வர், அம்மையார் எதிர்க்கட்சித் தலைவர். சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்றார் அவர். தி.மு.க. அதை மறுத்தது. கலைஞரின் கண்ணாடி விழுந்ததும் அதே அமளியில்தான். படம் ஒரு பக்கத்து வாக்குமூலம்.

சேகர் மாமா: உடன்பிறப்பு ஆரம்பித்துவிட்டார்.

பெரியப்பா: ரத்தத்தின் ரத்தமே, கொஞ்சம் சும்மா இரு.

சேகர் மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: படித்துவிட்டேன் மாப்பிள்ளை.

கீதா சித்தி: அத்தான், அவர் தலை கலைந்து வெளியே வந்ததை நாடே பார்த்தது. அதை விடுங்கள். எனக்கு வேறு குறை. 91 பதவியேற்போடு படத்தை முடித்துவிட்டார்கள்.

நிவேதா: ஜெயித்ததும் முடிப்பதுதானே வழக்கம், சித்தி?

கீதா சித்தி: அவர் ஆட்சி செய்ததையே காட்டவில்லையே! தொட்டில் குழந்தைத் திட்டம், மகளிர் காவல் நிலையம், மழைநீர் சேகரிப்பு, அம்மா உணவகம், ஒன்றுமே இல்லை. நான் ஓட்டுப் போட்டது இதற்கெல்லாம்தான். சினிமாக்காரியாக இருந்தபோது பட்ட கஷ்டத்துக்கு இல்லை.

பெரியப்பா: இதில் நானும் கீதா கட்சி. 91-ல் அந்தக் கூட்டணிக்கு 225 இடம். 96-ல் வெறும் 4, பர்கூரில் அவரே தோற்றார். நடுவில் அஞ்சு வருஷம் என்ன நடந்தது என்பதுதானே கதை! வளர்ப்பு மகன் கல்யாணம் ஒன்றே போதும், அரை மணி நேரம் ஓட்டலாம்.

சேகர் மாமா: 2001-ல் திரும்பவும் ஜெயித்தாரே, அதையும் எடுக்கட்டும்.

பெரியப்பா: எடுக்கட்டும். 2003-ல் வேலைநிறுத்தம் செய்த 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியதையும், 2014 பெங்களூரு சொத்துக் குவிப்பு வழக்குத் தீர்ப்பையும் சேர்த்து எடுக்கட்டும்.

கீதா சித்தி: எல்லாவற்றையும் எடுக்கட்டும் அத்தான். திட்ட வேண்டிய இடத்தில் நானே திட்டுகிறேன். அதைத் தாண்டியும் 2016-ல் ஜனங்கள் ஏன் மறுபடி உட்கார வைத்தார்கள் என்று அந்தப் படம் சொல்ல வேண்டும். இந்தப் படத்தைப் பார்த்தால் அது புரியாது.

நிவேதா: அப்போ ரெண்டாம் பாகம் வந்தால் குடும்பத்தோடு போகலாமா?

பெரியப்பா: டிக்கெட் என் செலவு. மாப்பிள்ளை வாயைத் திறக்கக்கூடாது.

சேகர் மாமா: உங்கள் காசு பத்திரமாக இருக்கும் அத்தான். தலைவியாக நடித்த கங்கனா இப்போது மண்டி எம்.பி. நடிக்க எங்கே நேரம்?