கினி பிக் காய்ந்த புல்லைத் தொடவில்லை, தாடை ஈரமாக இருக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி:
இரண்டரை வயசு ஆண் கினி பிக். நேத்து காலையிலிருந்து காய்ந்த புல் பக்கமே போகல. குடைமிளகாய்த் துண்டைக் காட்டினா ஓடி வருது, வாயில வாங்குது, ரெண்டு தடவை மென்னுட்டுக் கீழே போட்டுடுது. தாடைக்குக் கீழ முடியெல்லாம் ஈரம். புழுக்கை வழக்கத்துல பாதி அளவுதான், காஞ்சு போயிருக்கு. போன வாரம் 980 கிராம், இன்னைக்கு 905. கண்ணு, மூக்கு சுத்தமா இருக்கு, முன்பல்லும் நேராத்தான் இருக்கு. டாக்டர் நாளைக்குத்தான் பார்ப்பார். வீட்டுல குழந்தைக்கு வாங்கின அமாக்ஸிசிலின் சிரப் இருக்கு, கொஞ்சம் கொடுக்கலாமா?

பதில் 1:
ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீங்க. அமாக்ஸிசிலின் மாதிரி பென்சிலின் வகை மருந்து வாய்வழியா போனா, கினி பிக்கோட குடல்ல செரிமானத்தை நடத்துற நல்ல கிருமிகள் செத்துடும். அந்த இடத்துல க்ளாஸ்ட்ரிடியம்ங்கிற கெட்ட கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். சில நாள்லயே உயிர் போயிடலாம். ஆம்பிசிலின், கிளிண்டாமைசினும் அதே ஆபத்துதான். டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்தோட பேரையும் கேட்டுக்குங்க.

அறிகுறியைப் பார்த்தா கடைவாய்ப்பல் மேலதான் சந்தேகம். பசி இருக்கு, மெல்ல முடியல, எச்சில் வடியுது. முன்பல் நேரா இருக்குன்னு நிம்மதி ஆயிடாதீங்க. இதுக்கு எல்லாப் பல்லும் ஆயுசு முழுக்க வளரும். கீழ்க் கடைவாய்ப்பல் தேயலைன்னா உள்பக்கம் சாய்ஞ்சு நாக்குக்கு மேல பாலம் கட்டின மாதிரி ஆயிடும், அப்புறம் விழுங்கவே முடியாது. பக்கவாட்டுல அரைச்சுத் தின்னாத்தான் பல் தேயும். அந்த வேலையைப் புல்லுதான் கொடுக்கும், பெல்லட் (அழுத்திச் செஞ்ச குச்சித் தீவனம்) கொடுக்காது.

பதில் 2:
நாளைக்கு வரைக்கும் வயித்தைக் காலியா விடக்கூடாது. அரை நாள் சாப்பிடாம இருந்தாலே குடல் அசைவு மந்தமாகும். ஒரு நாள் தாண்டினா உயிருக்கே ஆபத்து.

ஆனா ஊட்டுறதுக்கு முன்னாடி வயித்தைத் தொட்டுப் பாருங்க. மாவு உருண்டை மாதிரி மெத்துன்னு இருந்தா ஊட்டலாம். மத்தளம் மாதிரி விறைச்சு இருந்தாலோ, புழுக்கை ஒண்ணுகூட விழலைன்னாலோ, கூனிக் குறுகி உக்காந்து பல்லை நறநறன்னு கடிச்சாலோ, ஊட்டாதீங்க. விடியிற வரைக்கும் காத்திருக்காம அவசர சிகிச்சைக்குத் தூக்கிட்டுப் போங்க.

பெல்லட் ஒரு பங்கு, வெதுவெதுப்பான தண்ணி ரெண்டு பங்கு, அரை மணி நேரம் ஊறவச்சுக் கட்டியில்லாம மசிச்சுக்குங்க. ஒரு மி.லி. சிரிஞ்சோட முனையை வெட்டி, ஓரத்தை நல்லா மழுக்குங்க, இல்லன்னா வாயைக் கிழிச்சுடும். துண்டுல சுத்தி மடியில நிமிர்த்தி வச்சு, முன்பல்லுக்குப் பின்னாடி இருக்கிற இடைவெளியில பக்கவாட்டுல நுழைங்க. மல்லாக்கப் போட்டு ஊட்டினா நுரையீரலுக்குள்ள போயிடும். அரை மி.லி. விட்டு, மென்னு விழுங்கினதைப் பார்த்துட்டு அடுத்தது. இந்த எடைக்கு ஒரு நாளைக்கு 50 மி.லி.யாவது போகணும், ராத்திரியும் சேர்த்து மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எட்டு மி.லி. கொடுங்க.

கேட்டவர்:
வயிறு மெத்துன்னுதான் இருக்கு. ஆறு மி.லி. உள்ள போச்சு, மீதியைத் துப்பிடுச்சு. வைட்டமின் சி சொட்டு மருந்தைத் தண்ணி பாட்டில்ல கலக்கட்டுமா?

பதில் 3:
ஆறு போனதே நல்லது. இடைவெளியைக் குறைச்சு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுங்க. சொட்டு மருந்தைப் பாட்டில்ல கலக்காதீங்க: சீக்கிரம் சத்து போயிடும், ருசி மாறினா தண்ணியும் குடிக்காது. மனுஷங்களை மாதிரியே இதுக்கும் உடம்புல வைட்டமின் சி உற்பத்தி ஆகாது. குறைஞ்சா ஈறு கெட்டுப் பல்லும் ஆடும். நோய் நேரத்துல தினம் 30 முதல் 50 மி.கி., வேற வைட்டமின் கலக்காத மாத்திரையைப் பொடிச்சு, ஊட்டுற மசியல்ல சேருங்க.

டாக்டர்கிட்ட கடைவாய்ப்பல்லைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. வாய் குறுகல், கன்னச் சதை மறைக்கும். முழுசாப் பார்க்கவும், வளர்ந்த பல்லைச் சீவவும் பெரும்பாலும் மயக்க மருந்து வேணும். அதுக்காக நாய், பூனை மாதிரி ராத்திரி முழுக்கப் பட்டினி போடக்கூடாது, இதை நீங்களே ஞாபகப்படுத்துங்க. வலி மருந்தையும் கேட்டு வாங்குங்க, வலி இருந்தா பல் சரியானாலும் தின்னாது. சீவின பிறகும் சில நாள் ஊட்ட வேண்டியிருக்கும். தினம் ஒரே நேரத்துல எடை பாருங்க; தானா தின்னு மூணு நாள் எடை இறங்காம நின்னா, சிரிஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தலாம்.