கோடு இருந்தா மட்டும் வைல்டு மீன் ஆயிடாது (தெரு மீன்தொட்டிக் குழு)

நித்யா, 7:12
3 அடித் தொட்டி சைக்கிள் ஆயிடுச்சு, அம்மோனியாவைச் சிதைக்கிற பாக்டீரியா வளந்து மீன் விடத் தயார். டுவார்ஃப் கௌராமி விடணும். கொளத்தூர் மீன் கடைகள்ல முழு நீலம், இல்லன்னா முழுச் சிவப்புதான் இருக்கு. கோடு போட்ட அசல் வகை எங்க தேடலாம்?

செந்தில், 7:20
அந்த ரெண்டும் பண்ணையில தேர்ந்தெடுத்துப் பெருக்கினது. அசல் ஆணுக்கு வெளிர்நீல உடம்புல சாய்வா சிவப்புக் கோடு ஓடும், பெண் வெறும் வெள்ளி நிறம். ஆனா கோட்டை மட்டும் பாத்து வாங்கிடாத நித்யா. கோட்டு மீனையும் பண்ணையில வளக்கறாங்க. குளத்துல பிடிச்சதா, பிடிச்ச ஜோடியோட முதல் குஞ்சா, இல்ல நிறம் மட்டும் அசலா? மூணையும் தனித்தனியா கேளு.

பத்மா அக்கா, 7:26
பண்ணை மீன்ல எனக்கு நிறத்தை விட இரிடோ வைரஸ்தான் கவலை. கடையில நல்லா நீந்தும். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்ல நிறம் மங்கும், சாப்பாட்டை விடும், வயிறு உப்பும், புண் வரும். மருந்தே கிடையாது. ஆஸ்திரேலியா 2016-லேர்ந்து கௌராமி இறக்குமதிக்கு இந்த வகை வைரஸ் சோதனையைக் கட்டாயமாக்கிடுச்சு.

நித்யா, 7:29
அப்போ பிடிச்ச மீன்தான் வேணும். யார்கிட்ட கேக்கறது?

செந்தில், 7:41
இது கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன். கொல்கத்தா சப்ளையர்கிட்டதான் கேக்கணும். கலிஃப் தெரு ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வர்ற ஆளுங்ககிட்ட விசாரிக்கலாம். "டுவார்ஃப் கௌராமி"ன்னு கேட்டா பண்ணை மீனைத்தான் காட்டுவாங்க. "லால் கோல்ஷே"ன்னு வங்காளப் பேரைச் சொல்லு. ஹனி கௌராமி வேணும்னா "சுனா கோல்ஷே". மழைக்காலம் முட்டை போடற சமயம், அப்ப கேக்காத. மழை விட்டு தண்ணி வடியும்போது கேளு.

செந்தில், 7:44
பையோட வீடியோ அனுப்பச் சொல்லு. மீன் எல்லாம் ஒரே அளவு, எல்லாமே பளபளன்னு ஆணுங்க, பெண்ணே இல்லன்னா பண்ணைச் சரக்குன்னு சந்தேகப்படு. பிடிச்ச மீன் பெருசும் சிறுசுமா, மங்கலா, பெண் கலந்து வரும். மங்கலா இருக்குன்னு வேண்டாம்னு சொல்லிடாத, நல்லாத் தின்னு பழகினா நிறம் ஏறும்.

பத்மா அக்கா, 7:50
ஹனி வாங்கினா இன்னொண்ணும் பாரு. தடித்த உதட்டு கௌராமியோட ஆரஞ்சு வகையையும் ஹனின்னே விப்பாங்க. ஹனி 5 செ.மீ. கிட்ட நின்னுடும், அது 8, 9 வரைக்கும் போகும். அசல் ஹனி பெண்ணுக்குக் கண்லேர்ந்து வால் வரைக்கும் பழுப்புக் கோடு இருக்கும். மஞ்சள் பண்ணை வகையில அந்தக் கோடு தெரியாது.

நித்யா, 7:53
பார்சல் வந்ததும் மீன் பழகறதுக்கு, பைக்குள்ள ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டா தொட்டித் தண்ணி விடலாமா?

பத்மா அக்கா, 8:02
வேண்டாம்மா, அதுலதான் நிறைய மீன் செத்துப்போகுது. 24 மணி நேரத்துக்கு மேல மூடின பையில அம்மோனியா சேந்திருக்கும். கரியமில வாயு இருக்கறதால பிஎச் இறங்கி, அதாவது தண்ணி அமிலப் பக்கம் போய், அதோட விஷம் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியா வேலையைக் காட்டும். அதனால அனுப்பறவங்க தண்ணியோட டிடிஎஸ்ஸை (கரைஞ்ச உப்புகளோட அளவு) முன்னாடியே கேட்டு வாங்கி, புது மீனைப் பிரிச்சு வெக்கற தனித்தொட்டியை அதே அளவுக்கு வெச்சுடு. பை 20 நிமிஷம் மிதக்கட்டும். திறந்ததும் வலையில எடுத்து உடனே விடு, பைத் தண்ணி தொட்டிக்குள்ள போகவே கூடாது.

செந்தில், 8:06
கணக்கு: டிடிஎஸ் போர்வெல் தண்ணியில 900, ஆர்ஓ தண்ணியில 20, தேவை 250ன்னா 60 லிட்டருக்கு போர் தண்ணி 16 லிட்டர், ஆர்ஓ 44 லிட்டர். அப்புறம் வாரா வாரம் தண்ணி மாத்தும்போது போர் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கோ.

பத்மா அக்கா, 8:15
தனித்தொட்டியில 6 வாரம். மணல் வேண்டாம். ஏற்கெனவே ஓடற தொட்டியிலேர்ந்து ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேல மிதக்கிற செடி, மூடி, தனி வலை. முதல் வாரம் மருந்து போடாத, பாத்துக்கிட்டு மட்டும் இரு. பெல்லட்டைத் தொடாது, ஆர்டீமியா குஞ்சு, டாஃப்னியா மாதிரி பொடி உயிர்த் தீனி கொடு. ரெண்டாவது வாரத்துலேர்ந்து பொடி பெல்லட் கலந்து பழக்கு. ஆசனவாயில சிவப்பு நூல் மாதிரி தொங்கினா கமல்லானஸ்ங்கற குடல் புழு. லெவமிசோல்ங்கற புழு மருந்து லிட்டருக்கு 2 மி.கி., விளக்கை அணைச்சு 24 மணி நேரம். பிறகு அடித்தண்ணியை உறிஞ்சி எடுத்துப் பாதிக்கு மேல மாத்து. புழு சாகறதில்ல, செயலிழந்து கீழ விழும், விட்டுவெச்சா மீன் திரும்பத் தின்னுடும். 3 வாரம் கழிச்சு இன்னொரு தடவை.

ரஃபி பாய், 8:31
நித்யா, கொல்கத்தா வரைக்கும் போறதுக்கு முன்னாடி நம்ம ஊர் கூபானஸையும் யோசிச்சுப் பாரு. அறிவியல் பேரு சூடோஸ்ஃப்ரோமெனஸ் கூபானஸ், கௌராமிக்குச் சொந்தக்கார மீன். பாண்டிச்சேரி அரியாங்குப்பம் ஆத்து மீனைப் பாத்து 1831-ல வெச்ச பேரு. 6 செ.மீ., வாலுக்கு நடுவுல முள் மாதிரி நீட்டம். உப்புக் கலந்த தண்ணியிலயும் வாழும், நம்ம போர் தண்ணிக்குப் பயமில்ல. முட்டை போடற நேரத்துல பெண் கருகருன்னு மாறும். அந்த அழகுக்கு எந்தப் பண்ணை நிறமும் ஈடில்ல.

நித்யா, 8:34
பாய், எங்க கேக்கணும்?

ரஃபி பாய், 8:40
வயல் வாய்க்கால்ல பொடிமீன் பிடிக்கறவங்ககிட்ட சொல்லி வை. 6 மீன் போதும். சரணாலயம், காப்புக்காடு பக்கம் வலை போடக் கூடாது. தொட்டியில இலைச்சருகு போடு, இலைக்கு அடியிலதான் நுரைக்கூடு கட்டும். குதிக்கும், மூடி முக்கியம்.

பத்மா அக்கா, 8:43
எதை வாங்கினாலும் கடை கௌராமியோட ஒரே தொட்டியில போடாத, வலையைக்கூட மாத்தி வெச்சுக்கோ. வேண்டாம்னா ஏரியில விடாம, குழுவுல சொல்லு, யாராவது எடுத்துக்கறோம்.

நித்யா, 8:47
சரிக்கா. முதல்ல கூபானஸ் 6. பாய், நாளைக்கு உங்ககிட்ட பேசறேன்.